முகத்திலிருந்து பார்த்தால் குடை எவ்வளவு பெரியது?

தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வரும் முதல் பெரிய ஊர் அத்திபெலே. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண் வீட்டாரும் ஆனேக்கல் பக்கத்து மாப்பிள்ளை வீட்டாரும் எல்லையின் இரு புறத்திலிருந்தும் வந்து கூடுவதற்கு வசதியான இடம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பந்தியில் கேட்கும். இங்கே நடக்கும் வரவேற்புகளில் மேடைக்குக் கீழே, உயரமான ஸ்டாண்டுகளில் குடைகள் விரிந்திருப்பதைப் பார்க்கலாம். ப்ளாஷ் வெட்டும்போதெல்லாம் குடைத்துணி ஒருகணம் வெள்ளையாகப் பூரிக்கும்.

அந்தக் கல்யாணங்களின் ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு புதிர் தட்டுப்படும். மணப்பெண்ணைத் தனியாக எடுத்த படத்தில் முகம் வழவழவென்று இருக்கும். மூக்கின் நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. சில பக்கங்கள் தள்ளினால் குடும்ப குரூப் போட்டோ. வலது ஓரத்தில் நிற்கும் அத்தையின் முகம் வெளுத்துப்போயிருக்கும், புடவையின் ஜரிகை வேலைப்பாடே தெரியாது. இடது ஓரத்தில் நிற்கும் தாத்தாவோ பாதி இருட்டில் இருப்பார். கேமரா அதேதான், ப்ளாஷும் அதேதான், குடையும் அதேதான். தனிப்படத்தில் அவ்வளவு நன்றாக வேலை செய்த குடை, குரூப்பில் ஏன் கைவிட்டது?

விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிச்சத்தின் மென்மைக்குக் குடை முகத்துக்கு அருகில் இருக்க வேண்டும். வெளிச்சம் எல்லோர் மீதும் சமமாக விழுவதற்குக் குடை விலகி நிற்க வேண்டும். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. குடையைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த இழுபறியைத் தீர்ப்பதுதான். துணி, நிறம், கம்பெனி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இது ஏன் இப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நிழலின் ஓரம்

நல்ல வெயிலில் ஒரு சுவருக்குப் பத்து சென்டிமீட்டர் முன்னால் விரலை நீட்டுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கும். அப்படியே ஒரு மீட்டர் பின்னால் வாருங்கள். ஓரம் மங்கி, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும்.

சூரியன் ஒரு புள்ளியாக இருந்திருந்தால் இது நடக்காது. சூரியன் நமக்கு ஒரு சிறு தட்டாகத் தெரிகிறது. நிழலின் நடுவில் ஓர் எறும்பு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், விரல் சூரியனை முழுதாக மறைத்திருக்கும். அது கருநிழல். எறும்பு ஓரத்துக்கு நகர்ந்தால் சூரியனின் ஒரு பகுதி தெரியும், மறு பகுதி மறைந்திருக்கும். பாதி வெளிச்சமுள்ள அந்தப் பட்டைக்குப் புறநிழல் என்று பெயர். சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கிலோமீட்டர், தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். ஒன்றை மற்றதால் வகுத்தால், தூரத்தில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு. ஆகவே ஒரு மீட்டர் தள்ளியுள்ள விரலின் புறநிழல் 9 மில்லிமீட்டர் அகலம். சுவரில் நீங்களே அளந்து சரிபார்க்கலாம்.

மங்கலான ஓரத்தில் ஒளி மூலத்தின் உருவமே ஒளிந்திருக்கிறது என்பதற்குக் கண்கண்ட சாட்சி உண்டு. 2019 டிசம்பர் 26 காலை சூரிய கிரகணம் வந்தபோது, கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. அங்கே மரத்தடியில் விழுந்த வெளிச்சப் பொட்டுகளும் வளையங்களாக மாறின. பெங்களூரு வட்டாரத்தில் சூரியன் பிறையாக மட்டுமே ஆனது. இங்கே மரத்தடியில் பிறைகள் சிதறிக் கிடந்தன. இலைகளுக்கு இடையிலுள்ள சந்து எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி, தரையில் விழுவது சூரியனின் வடிவம்தான். நிழலின் ஓரத்தை வரைவது விளக்கின் உருவம் என்பதை அன்று தரையிலேயே பார்க்க முடிந்தது.

இங்கே முக்கியமானது விளக்கின் உண்மையான அளவு அல்ல என்பதைக் கவனியுங்கள். சூரியன் பூமியைவிட நூறு மடங்குக்கு மேல் அகலமானது. ஆனாலும் நம்மிடத்திலிருந்து பார்க்க அது அரை டிகிரிதான். ஒரு பொருள் நம் பார்வையில் எத்தனை டிகிரியை அடைத்துக்கொள்கிறது என்பதை அதன் கோண அளவு என்கிறோம். விளக்கைப் பொறுத்தவரை, நிழலின் மென்மையைத் தீர்மானிப்பது அதன் கோண அளவு மட்டுமே. ஆடி மாதத்தில் மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே ஒளி மூலமாகிவிடுகிறது. தலைக்கு மேல் அடிவானம் முதல் அடிவானம் வரை 180 டிகிரி. அன்று நிழலே விழாததற்கு அதுதான் காரணம்.

மூக்கின் நிழல்

இதை முகத்துக்குக் கொண்டுவருவோம். கேமராவின் மேல் மாட்டும் ப்ளாஷின் முகப்பு சுமார் 7 சென்டிமீட்டர் அகலம். இரண்டரை மீட்டர் தொலைவில் அதன் கோண அளவு ஒன்றரை டிகிரிக்குச் சற்று அதிகம். கன்னத்திலிருந்து மூக்கு 2 சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ப்ளாஷில் மூக்கு நிழலின் ஓரம் அரை மில்லிமீட்டர்தான் மங்கும். பிளேடால் வெட்டினாற்போல இருக்கும் என்று போட்டோகிராபர்கள் குறைப்படுவது இதைத்தான்.

இப்போது ஒரு மீட்டர் அகலமுள்ள குடையை முகத்திலிருந்து ஒன்றரை மீட்டரில் வையுங்கள். கோண அளவு 37 டிகிரி. அதே மூக்கின் நிழல் ஓரம் 13 மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லக் கரைகிறது. கன்னத்தில் நிழல் இருக்கிறது, முகத்துக்குத் திரட்சி இருக்கிறது, ஆனால் கோடு இல்லை.

குடை அதேதான் இருக்கட்டும், ஸ்டாண்டை மட்டும் நான்கு மீட்டருக்குத் தள்ளுங்கள். கோண அளவு 14 டிகிரியாகச் சுருங்கும். நிழல் ஓரம் 5 மில்லிமீட்டராகும். இன்னும் தள்ளிக்கொண்டே போனால், விலை கொடுத்து வாங்கிய பெரிய குடை சின்ன ப்ளாஷாகவே ஆகிவிடும். மென்மை துணியில் இருப்பதாக நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மென்மை, குடைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கிறது.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

நிழலைப்போலவே பளபளப்பும் படத்தைக் கெடுக்கக்கூடியது. ஓமப் புகை, நெரிசல், பட்டு, மாலை எல்லாம் சேர்ந்து முகூர்த்த நேரத்தில் எந்த முகத்திலும் வியர்வை மினுங்கும். நேரடி ப்ளாஷில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டு விழுந்துவிடுகிறது.

தோலிலிருந்து ஒளி இரண்டு வழிகளில் திரும்பி வருகிறது. ஒரு சிறு பங்கு, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு மூன்று நான்கு என்ற அளவில், தோலின் மேற்பரப்பிலேயே கண்ணாடியில் படுவதுபோலத் தெறித்துவிடும். பள்ளிப் புத்தகங்கள் இதை ஒழுங்கான எதிரொளிப்பு என்கின்றன. வியர்வையோ எண்ணெய்யோ படிந்து மேற்பரப்பு வழவழப்பானால் இந்தத் தெறிப்பு ஓரிடத்தில் குவிந்து இன்னும் கூர்மையாகத் தெரியும். மீதி ஒளி தோலுக்குள் இறங்குகிறது. மெலனின் என்ற நிறமியும் ரத்தமும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் உள்ளுக்குள்ளேயே முட்டி மோதிச் சிதறி எல்லாத் திசைகளிலும் வெளிவருகிறது. தோலின் நிறம் என்று நாம் பார்ப்பது இந்தச் சிதறிய ஒளியைத்தான்.

இது எப்படித் தெரியும்? விளக்கின் முன்னால் ஒரு தளவிளைவுத் தகட்டை, அதாவது ஒளி அலைகளின் அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்கும் போலரைசரை, வைக்கிறார்கள். கேமராவின் லென்ஸில் அதேபோன்ற தகட்டைக் குறுக்காகத் திருப்பி வைக்கிறார்கள். மேற்பரப்பில் தெறித்த ஒளி தன் அதிர்வுத் தளத்தை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே குறுக்குத் தகடு அதை நிறுத்திவிடுகிறது. உள்ளே போய்ச் சிதறி வந்த ஒளிக்கு அந்த ஒழுங்கு குலைந்துவிட்டதால் அதில் ஒரு பகுதி கடந்து வருகிறது. முகத்திலிருந்து பளபளப்பு மட்டும் துடைத்தாற்போல் மறைந்து, தோல் நிறம் மிஞ்சும். தோல் மருத்துவர்கள் மச்சங்களையும் தழும்புகளையும் ஆராயப் பயன்படுத்தும் கருவிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இதில் நம் ஊருக்கு நேரடியான ஒரு பாடம் உண்டு. மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியின் அளவு எல்லா நிறத் தோலுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளிருந்து திரும்பும் ஒளிதான் நிறத்துக்கு நிறம் மாறுகிறது. கறுத்த தோலில் உள்ளிருந்து வருவது குறைவு; ஆகவே அதன் மேல் விழும் பளபளப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். சின்ன விளக்கு கறுத்த முகங்களுக்குச் செய்யும் அநியாயம் இது. அதற்கு ஃபேர்னெஸ் கூட்டுவதும் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குவதும் தீர்வாகாது. ஒளி மூலத்தைப் பெரிதாக்குவதே தீர்வு.

பெரிதாக்கினால் என்ன ஆகும்? ஒரே கரண்டி மாவைச் சின்ன வட்டமாக ஊற்றினால் கனத்த ஊத்தப்பம். கல் முழுக்க இழுத்தால் காகிதம்போன்ற தோசை. மாவு கூடவுமில்லை, குறையவுமில்லை. நெற்றியில் தெரியும் வெள்ளைத் திட்டு விளக்கின் பிம்பம்தான். விளக்கு சின்னதாக இருந்தால் தெறித்த ஒளி முழுதும் ஒரு பொட்டில் கனமாகக் குவியும். குடை பெரியதாக இருந்தால் அதே ஒளி நெற்றி முழுக்க மெல்லியதாகப் பரவும். வெள்ளைத் திட்டு மறைந்து, உழுத மண்ணில் காலை வெயில் படிவதுபோன்ற மினுமினுப்பு மட்டும் இருக்கும். கறுத்த முகத்தின் அழகு அந்த மினுமினுப்பில்தான் முழுதாகத் தெரியும்.

தங்க நகைக்கும் இது பொருந்தும். உலோகத்துக்குள் ஒளி இறங்குவதே இல்லை. எல்லாம் மேற்பரப்புத் தெறிப்புதான். எதிரே பெரிய வெள்ளைக் குடை இருந்தால் ஆரம் அந்த வெள்ளையை வாங்கிப் பொன்னிறமாகத் திருப்பித் தரும். எதிரே இருட்டு மண்டபமும் ஒரு சின்ன ப்ளாஷும் மட்டும் இருந்தால், அதே ஆரம் கறுப்புப் பட்டைகளும் ஓரிரு மின்னல் பொட்டுகளுமாகத் தெரியும்.

கண்ணாடியும் துணியும்

பெரிய பரப்பிலிருந்து ஒளி வந்தால் மென்மை என்றால், ஒரு பெரிய கண்ணாடியில் ப்ளாஷை அடித்துத் திருப்பினால் போதுமே, குடைத்துணி எதற்கு? இந்திய சினிமாவின் இரண்டு ஒளிப்பதிவாளர்களின் வேலையில் இதற்கு விடை இருக்கிறது.

மைசூரில் 1923-இல் பிறந்த வி. கே. மூர்த்தி, குரு தத்தின் 'காகஸ் கே பூல்' (1959) படத்துக்காக இரண்டு பெரிய கண்ணாடிகளை வைத்து வெயிலை ஸ்டுடியோவுக்குள் திருப்பினார். இருட்டான தளத்தின் குறுக்கே தூண்போல ஒரு வெளிச்சக் கற்றை இறங்கியது. கண்ணாடி எவ்வளவு பெரிதானாலும் ஒளியின் திசை ஒழுங்கை அது குலைக்காது. கற்றைக்குள் நின்று கண்ணாடியைப் பார்த்தால் தெரிவது அதே அரை டிகிரிச் சூரியன்தான். அதனால்தான் அந்தக் கற்றை அவ்வளவு கூர்மை.

அதற்கு முன்பே கொல்கத்தாவில் சுப்ரத மித்ரா வேறு திசையில் போயிருந்தார். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசியின் ஒரு வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டியிருந்தது. அந்த முற்றங்களில் வெயில் நேராக விழாது; மேலேயுள்ள வானத்தின் நிழலற்ற வெளிச்சம்தான் இறங்கும். ஸ்டுடியோ விளக்குகளால் அதை உண்டாக்க முடியாது என்று முதலில் வாதிட்ட மித்ரா, பிறகு தானே வழி கண்டார். செட்டின் மேல் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறி இறங்கிய ஒளி வானத்து வெளிச்சமாகவே இருந்தது. இன்று கல்யாண மேடைக்குக் கீழே நிற்கும் குடை செய்வதும் இதே வேலையைத்தான்.

துணியின் சொரசொரப்பான இழைகளில் பட்ட ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. இது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. இதனால் துணியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி விளக்காகி முகத்தை நோக்கி ஒளி அனுப்புகிறது. முகத்திலிருந்து பார்த்தால் சின்ன ப்ளாஷ் மறைந்து, குடை முழுவதுமே விளக்காகத் தெரிகிறது. வெள்ளைத் துணி இதை நன்றாகச் செய்யும். சில்வர் பூச்சு கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும்: வெளிச்சம் அதிகம் கிடைக்கும், ஆனால் நடுவில் ஒரு பளிச்சிடும் பொட்டு உருவாகி மென்மை சற்றுக் குறையும்.

தூரம் கூடினால்

இனி குரூப் போட்டோ. இங்கே ஆட்சி செய்வது வேறொரு விதி. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகும். மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு. காரணம் அதே தோசைதான்: குறுக்களவு இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது, மாவின் கனம் நான்கில் ஒன்றாகிறது. இதை எதிர்த்தகவு இருமடி விதி என்பார்கள். ஒளிக்கு இது பொருந்தும் என்று யோஹானஸ் கெப்ளர் 1604-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்.

நீங்கள் இதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பட்ட இடம் ஒளியை ஊடுருவ விடும். இருட்டறையில் தாளை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கம் மட்டும் மெழுகுவத்தி ஏற்றினால், அந்தப் பக்கமிருந்து பார்க்கப் பொட்டு கறுப்பாகவும் மறுபக்கமிருந்து பார்க்க வெளிச்சமாகவும் தெரியும். இரு பக்கமும் சமமான வெளிச்சம் விழுந்தால் பொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும். இப்போது ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரில் ஒரு மெழுகுவத்தி, மறுபக்கம் 60 சென்டிமீட்டரில் அதே அளவுள்ள நான்கு மெழுகுவத்திகள் வையுங்கள். பொட்டு மறையும். இரண்டு மடங்கு தூரத்தை ஈடுகட்ட நான்கு விளக்கு தேவைப்பட்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பன்சன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் விளக்குகளின் ஒளியை அளந்தது இந்த எண்ணெய்ப் பொட்டு முறையில்தான்.

ஒரு நுணுக்கம். விளக்கு தூரத்தோடு ஒப்பிடச் சிறியதாக இருக்கும்போதுதான் இந்த விதி துல்லியமாகப் பொருந்தும். ஒரு மீட்டர் குடையை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குத் தள்ளினால் நான்கில் ஒன்றல்ல, ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம் மிஞ்சும். நான்கு மீட்டரிலிருந்து எட்டுக்குத் தள்ளும்போது விதி ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தும். குரூப் போட்டோவின் தூரங்களுக்கு இந்த விதியை நம்பிக் கணக்குப் போடலாம்.

எட்டுப் பேர் தோளோடு தோள் நின்றால் வரிசை சுமார் 4 மீட்டர் நீளம். தனிப்படத்துக்கு வைத்த குடையை அப்படியே வலது பக்கத்தில், முதல் ஆளிலிருந்து ஒன்றரை மீட்டரில் விட்டுவைத்தால், கடைசி ஆள் ஐந்தரை மீட்டரில் நிற்கிறார். ஐந்தரையை ஒன்றரையால் வகுத்து இருமடியாக்கினால் 13-க்கு மேல். அத்தைக்குக் கிடைப்பதில் 13-இல் ஒரு பங்கு வெளிச்சம்தான் தாத்தாவுக்கு. வெளிச்சம் ஒவ்வொரு முறை பாதியாவதையும் போட்டோகிராபர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். இது ஏறக்குறைய நான்கு ஸ்டாப். கேமராவில் கூட்டினால் அத்தை வெளுப்பார், குறைத்தால் தாத்தா மறைவார்.

அதே விதி தனிப்படத்தில் வரமாகவும் இருக்கிறது. முகத்திலிருந்து 1.2 மீட்டரில் குடை, முகத்துக்குப் பின்னால் இன்னும் 1.2 மீட்டர் தள்ளி மேடை அலங்காரம் என்றால், அலங்காரத்துக்குச் சுமார் கால் பங்கு வெளிச்சமே போகும். பின்னணி தானாக அடங்கி முகம் எழுந்து நிற்கும். ஒருவரை எடுக்கும்போது உதவுகிற விதிதான் எட்டுப் பேரை எடுக்கும்போது பாரபட்சம் காட்டுகிறது.

இழுபறியைத் தீர்ப்பது

குடையை அதே பக்கத்தில், முதல் ஆளிலிருந்து நான்கு மீட்டருக்கு விலக்கினால், தூரங்கள் நான்கும் எட்டும் ஆகும். வித்தியாசம் 13 மடங்கிலிருந்து 4 மடங்காகக் குறையும். போதாது. பக்கவாட்டை விட்டு, கேமராவுக்குப் பின்னால் நடுவில், வரிசையிலிருந்து நான்கு மீட்டரில் உயரமாக நிறுத்துங்கள். நடுவில் நிற்பவருக்கு நான்கு மீட்டர், ஓரத்தில் நிற்பவருக்கு நான்கரையை எட்டாத தூரம். வித்தியாசம் கால் பங்குதான்; ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒன்று. கண்ணுக்கு உறுத்தாது.

இரண்டு குடைகள் இருந்தால் இன்னும் அழகான ஒரு தீர்வு இருக்கிறது. வரிசையின் நடுப்புள்ளியிலிருந்து நான்கு மீட்டர் முன்னால் வந்து, அங்கிருந்து வலமும் இடமும் மூன்று மூன்று மீட்டர் விலக்கி, இரண்டையும் சமமான பவரில் வையுங்கள். வலது ஓரத்தில் நிற்பவருக்கு வலது குடை கிட்டே, இடது குடை எட்டத்தில். இடது ஓரத்தவருக்கு மாறி. நடுவில் நிற்பவருக்கு இரண்டும் சம தூரம். கூட்டிப் பார்த்தால் நடுவருக்கும் ஓரத்தவருக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 4 சதவீதம். ஒன்றின் குறையை மற்றது ஏறக்குறைய முழுதாக நிரப்பிவிடுகிறது. அனுபவசாலிகள் மேடையின் இரு பக்கமும் குடை வைப்பதற்குப் பின்னாலுள்ள கணிதம் இதுதான். ஒவ்வொரு மூக்குக்கும் இரண்டு நிழல் விழும் என்பது இதன் பலவீனம். குடைகள் பெரியதாக இருந்தால் அந்த இரண்டும் மங்கி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும்.

ஆழத்தையும் மறக்கக் கூடாது. மூன்று வரிசையாக நிறுத்தினால் முன்வரிசை குடையிலிருந்து 3 மீட்டரிலும் கடைசி வரிசை 4.5 மீட்டரிலும் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு, பின்னால் நிற்கும் மாமாக்களைவிட இரண்டேகால் மடங்கு வெளிச்சம். ஸ்டாண்டை 6 மீட்டருக்குத் தள்ளினால் இது ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் ப்ளாஷ் நான்கு மடங்கு பவரில் எரிய வேண்டும், ஒரு மீட்டர் குடையின் கோண அளவும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். சமத்துவம் கேட்டால் மென்மை போகிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். இழந்த மென்மையை மீட்க ஒரே வழி, தூரம் எத்தனை மடங்கு கூடியதோ அத்தனை மடங்கு குடையின் அகலத்தையும் கூட்டுவது.

ஸ்டாண்டை உயர்த்தினால் முன்வரிசையின் தலை நிழல் பின்வரிசையின் முகத்தில் விழாது. மூக்குக்கண்ணாடியில் குடையின் பிம்பம் தெரிவதும் குறையும்; ஒளி மேலிருந்து வந்து, கண்ணாடியில் பட்டுக் கேமராவுக்குக் கீழே போய்விடும்.

வாங்கும்போது

ஆகவே கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நான் எடுக்கும் இடத்தில் ஸ்டாண்டை எவ்வளவு தூரத்தில் நிறுத்த முடியும்? அத்திபெலே போன்ற ஊர்களின் சின்ன ஸ்டுடியோ அறையில் இரண்டு மீட்டர் கிடைப்பதே அதிகம். மண்டபத்து மேடைக்கு எதிரே ஐந்தாறு மீட்டர் கிடைக்கும், உறவினர்கள் வழிவிட்டால்.

ஒருவர் அல்லது ஜோடி, ஒன்றரை மீட்டருக்குள் என்றால் 33 அங்குலம், 43 அங்குலக் குடைகளே போதும். இதற்கு ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடை வசதி. அதில் ப்ளாஷ் துணியைத் துளைத்து முகத்துக்கு வருகிறது. குடையின் குவிந்த புறம் முகத்தை நோக்கி இருப்பதால் நன்றாக நெருக்கி வைக்கலாம். எதிரொளிக்கும் குடையிலோ கம்பி ஆளை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவு நெருக்க முடியாது. ஆனால் ஊடுருவும் குடை கணிசமான ஒளியைப் பின்னாலும் சிதறவிடும். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் அது திரும்பி வந்து நிழல்களை நிரப்பும். ரோஜா நிறத்திலும் பச்சையிலும் துணி கட்டிய மண்டபத்தில் அந்த நிறத்தை முகத்தில் பூசிவிடும்.

குரூப்புக்கு 60 அங்குலம், இடமிருந்தால் 7 அடி. பின்புறம் கறுப்பு உறை கொண்ட எதிரொளிக்கும் வகை நல்லது, ஒளி பின்னால் சிதறாது. தூரம் கூடப் பவர் வேண்டியிருப்பதால் சில்வருக்கு இங்கே நியாயம் உண்டு. பவர் போதுமென்றால் வெள்ளையே வாங்குங்கள். கறுப்பு உறையைக் கழற்றி மாட்டும் வகை கிடைத்தால் ஒரே குடை இரண்டு வேலைக்கும் ஆகும். இரண்டு வாங்குவதாக இருந்தால் ஒரே கம்பெனியில் ஒன்றாக வாங்குவது நல்லது. வெள்ளைத் துணி நாளாக ஆக மஞ்சளிக்கும். ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் பெண் வீட்டார் ஒரு நிறத்திலும் மாப்பிள்ளை வீட்டார் வேறு நிறத்திலும் வருவார்கள்.

விலைச்சீட்டில் உள்ள அங்குலத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல கம்பெனிகள் துணியின் வளைவின் மேலே அளந்து சொல்கின்றன. விரித்த குடையின் நேர்க் குறுக்களவு அதைவிடக் குறையும். டேப் வைத்து அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம், ப்ளாஷின் ஒளி குடை முழுவதையும் நிரப்புகிறதா என்பது. ப்ளாஷின் ஜூம் நெருக்கமாக இருந்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டுமே எரியும். 60 அங்குலக் குடை 20 அங்குலமாகிவிடும். ஜூமை அகலமாக்கி, கம்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, குடையையே ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வெட்டவெளியில் எடுப்பவர்கள் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை வைக்காமல் குடையை விரிக்கவே கூடாது. காற்று அதைச் சாய்த்தால் கீழே குழந்தைகள் இருப்பார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் சாட்சி

இதெல்லாம் சரியாக நடந்ததா என்று எந்தப் படத்திலும் சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. விழியின் முன்பகுதி ஒரு சிறிய குவிந்த கண்ணாடி. அதன் வளைவு ஆரம் சுமார் 8 மில்லிமீட்டர். எதிரே உள்ள விளக்கின் பிம்பம் அதில் பதிந்துவிடும். ஒரு மீட்டர் குடை 1.2 மீட்டரில் இருந்தால் அந்தப் பிம்பம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல், அதாவது 12 மில்லிமீட்டர் அகலமுள்ள கருவிழியில் கால் பங்குக்குச் சற்று அதிகம். நான்கு மீட்டருக்குப் போனால் ஒரு மில்லிமீட்டர்தான். கோண அளவை முகமே அளந்து நமக்குக் காட்டிவிடுகிறது.

அடுத்த முறை ஓசூர் சாலையோரத்து ஃப்ளெக்ஸ் பேனர்களிலும் கல்யாண ஆல்பங்களிலும் முகங்களின் கண்களை நெருங்கிப் பாருங்கள். வட்டப் பொட்டு என்றால் குடை, சதுரம் என்றால் சாஃப்ட்பாக்ஸ் என்ற துணி போர்த்திய விளக்குப் பெட்டி அல்லது ஜன்னல். குடைக் கம்பிகள்கூடச் சில படங்களில் எண்ணத் தெரியும். பொட்டு எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று பார்த்தால், விளக்கு எங்கே, எவ்வளவு நெருக்கத்தில் நின்றது என்பதை ஊகித்துவிடலாம். இப்படிப் படித்துப் பழகியவர் கையில் சாதாரணக் குடையும் நன்றாக வேலை செய்யும். பல குடும்பங்களில் ஒரு பெரியவர் போட்டோவுக்கு நிற்பதே இந்தக் கல்யாண வரிசைகளில்தான். அவர் எந்த ஓரத்தில் நின்றாலும் முகம் தெளிவாக வரவேண்டியது அவருடைய உரிமை. அதைக் கொடுக்க, ஸ்டாண்டை எங்கே நிறுத்துவது என்ற கணக்குத் தெரிந்த ஒரு போட்டோகிராபர் போதும்.